ஒன்று, இரண்டு, மூன்று: தேர்தல் வாரத்தில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை

2024 செப்டெம்பர் 16, திங்கள். கொழும்பு

இன்று மீலாதுன் நபி விடுமுறை, நாளை போயா என்னும் பௌர்ணமி விடுமுறை. சனி, ஞாயிறையும் சேர்த்தால் நாலு நாள். வழக்கமாக இப்படி ஒரு நீண்ட விடுமுறை வந்தால் புறக்கோட்டை பஸ் நிலையம் வெள்ளிக்கிழமை இரவே நிரம்பி வழியும். இந்த முறை நிறையப் பேர் கணக்குப் பார்க்கிறார்கள். இப்போது ஊருக்குப் போய் வந்தால், 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் வாக்குப் போட மறுபடி போக வேண்டும். இரண்டு தரம் பஸ் காசு.

இலங்கையில் வாக்கு ஆளோடு நகர்வதில்லை, பெயர் பதிந்த ஊரிலேயே நிற்கும். தபால் மூல வாக்கு தேர்தல் கடமையில் உள்ள அரச ஊழியர், பொலிஸார், படையினர் போன்றோருக்கு மட்டும். அவர்கள் இந்த மாதத் தொடக்கத்திலேயே போட்டு முடித்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வழியே இல்லை. ஆகவே புறக்கோட்டைக் கடையில் நிற்கும் ஹட்டன் பையனும், கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் பெண்ணும், வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் இருக்கும் யாழ்ப்பாணத்து முதியவரும் பயணப்பட்டே ஆக வேண்டும். இந்தத் தேர்தலைப் பார்க்க விரும்புகிறவர் மேடைகளைத் தேடிப் போகத் தேவையில்லை, பஸ்ஸில் ஏறினால் போதும்.

வெள்ளவத்தையில் ஒரே வீட்டில் இரண்டு மாவட்ட வாக்கு இருப்பது சாதாரணம். கொழும்புப் பாடசாலையில் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க, பெற்றோரின் பெயர் அங்குள்ள வாக்காளர் இடாப்பில் இருப்பது வதிவிடச் சான்றாகப் புள்ளி தரும். அதனால் தாய் தகப்பன் கொழும்பில் பதிகிறார்கள். அம்மம்மாவும் அப்பப்பாவும் கோண்டாவிலிலோ கரவெட்டியிலோ பதிவை விடாமல் வைத்திருக்கிறார்கள். வாக்காளர் பதிவுக்காகக் கிராம அலுவலர் வருடாவருடம் கொண்டுவரும் பீ.சீ. படிவத்தில் எந்த வீட்டில் யார் பெயரை எழுதுவது என்பது குடும்பத்தில் நின்று பேசித் தீர்க்கும் விஷயம்.

லீவு பற்றிய கணக்கைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. வேலைத்தலத்திலிருந்து வாக்களிப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள். 40 முதல் 100 வரை ஒரு நாள். 100 முதல் 150 வரை ஒன்றரை நாள். 150-க்கு மேல் 2 நாள். சம்பளம் வெட்டக் கூடாது, சொந்த லீவில் கழிக்கவும் கூடாது. ஆனால் எழுத்தில் கேட்க வேண்டும். அங்கேதான் சிக்கல். நியமனக் கடிதமே இல்லாமல் நாட்கூலிக்கு நிற்கும் கடைப் பையன் யாரிடம் எழுதிக் கொடுப்பான்? ஹட்டன் கொழும்பிலிருந்து சுமார் 130 கிலோமீற்றர், ஒன்றரை நாள் உரித்து. சனிக்கிழமை வியாபாரத்தை விட்டு முதலாளி அனுப்புவாரா என்பதே அவர்களுக்குள் நடக்கும் முதல் அரசியல் பேச்சு.

சுவரொட்டிகள் முன்னைய தேர்தல்களைவிடக் குறைவாகத் தெரிகின்றன. 2023இல் வந்த தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ் நடக்கும் முதல் ஜனாதிபதித் தேர்தல் இது. ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். பதிந்த வாக்காளர் 17,140,354 பேர். பெருக்கினால் ஒரு வேட்பாளருக்குச் சுமார் 186 கோடி ரூபா வரும். வரம்பு என்று சொல்லக் கூச வேண்டிய தொகைதான். ஆனாலும் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நிலை வந்ததே ஒரு படி.

செப்டெம்பர் 17, செவ்வாய். கொழும்பு முதல் ஹட்டன்

போயா தினம் என்பதால் இறைச்சிக் கடையும் சாராயக் கடையும் பூட்டு. பதுளை ரயிலில் உட்கார இடமில்லை. நாவலப்பிட்டி தாண்டியதும் கதவோரப் பேச்சு சூடு பிடிக்கிறது.

பேச்சில் ஆளின் பெயர் அதிகம் வருவதில்லை, சின்னம்தான் வருகிறது. திசைகாட்டி என்றால் அநுர குமார திசாநாயக்க. டெலிபோன் என்றால் சஜித் பிரேமதாச. சிலிண்டர் என்றால் ரணில் விக்கிரமசிங்க. மொட்டு என்றால் நாமல் ராஜபக்ச. வடக்கு, கிழக்கில் சங்கு, பா. அரியநேத்திரன். 39 பேரின் வேட்புமனு ஏற்கப்பட்டது. ஒருவர் இடையில் இறந்துபோக 38 பேர் களத்தில். ஆனால் ரயிலில் பேசப்படுவது மூன்று சின்னங்கள்தான்.

சிலிண்டர்க்காரரின் வாதம் ஒரே வரி: "2022இல கேஸ் கியூவுல நின்னதை மறந்துட்டீங்களா?" பெற்றோலுக்கு இரண்டு நாள் காத்துக் கிடந்தது, மின்சாரம் போனது, அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ஓடியது, பாராளுமன்றம் 134 வாக்கால் ரணிலை அந்த இடத்துக்குத் தெரிவு செய்தது, வரிசை நின்றது. எதிரே இருப்பவர் விடுவதாயில்லை. வரிசை நின்றது உண்மை, ஆனால் எந்த விலைக்கு? ஜனவரியில் பெறுமதிசேர் வரி 15இலிருந்து 18 வீதமானது. கரண்ட் பில் என்ன, பிள்ளையின் கொப்பி விலை என்ன? திசைகாட்டிக்காரர் இளைஞர். ரணிலும் சஜித்தும் ஒரே மரத்துக் கிளைகள், களவை யார் பிடிப்பது என்பதுதான் கேள்வி என்கிறார். டெலிபோன்காரர் தகப்பன் பெயரைச் சொல்கிறார்: பிரேமதாச காலத்தில் வீடு கட்டிக் கொடுத்தது, சனசவிய உதவித் திட்டம். குரல் உயர்கிறது, கை நீள்கிறது, பிறகு கடலைக்காரர் வந்ததும் நால்வரும் ஒரே பொட்டலத்தில் கை விடுகிறார்கள்.

ஹட்டனில் இறங்கும்போது மழை.

செப்டெம்பர் 18, புதன். ஹட்டன், தலவாக்கலைத் தோட்டங்கள்

இன்று நள்ளிரவோடு பிரசாரம் முடிகிறது. கொழும்புப் பக்கம் நுகேகொடையில் அநுரவின் தேசிய மக்கள் சக்தியின் கடைசிக் கூட்டம். இங்கே மலையில் ஒலிபெருக்கி கட்டிய வான்கள், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கு இடையே கடைசித் தரமாக ஏறி இறங்குகின்றன.

நுவரெலியா மாவட்டத்தில் தொழிற்சங்கங்கள் இரண்டு பக்கம் பிரிந்து நிற்கின்றன. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலுக்கு. மனோ கணேசன், திகாம்பரம், இராதாகிருஷ்ணன் மூவரின் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்துக்கு. ஆனால் மலையில் பேச்சை நடத்துவது ஒரு எண்: 1,700. மே மாதம் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. இம்மாதம் 10ஆம் திகதி சம்பள நிர்ணய சபையில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று முடிந்தது, மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபா. முன்பு நாட்சம்பளம் 1,000. கூடியது 350 என்று ஒரு தரப்பு சொல்கிறது. 1,700இலிருந்து 350 குறைந்துவிட்டது என்று மறு தரப்பு சொல்கிறது. இரண்டும் ஒரே 350. கொழுந்து நிறுக்கும் இடத்தில், கூடையை இறக்கி வைத்த ஐந்து நிமிஷத்துக்குள் இந்த விவாதம் முழுவதும் நடந்து முடிந்துவிடுகிறது.

வாக்காளர் அட்டை விஷயத்தில் தோட்டங்களுக்குத் தனிக் கஷ்டம் உண்டு. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாத இடங்களில் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு மொத்தமாக வரும். அங்கிருந்து பிரிந்து கைக்கு வர நாளாகும், சில வேளை வராமலே போகும். அட்டை வரவில்லை என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம். உரிய தபாலகத்தில் அடையாள அட்டையைக் காட்டி வாக்களிப்பு நாளன்றும் எடுக்கலாம். எடுக்க முடியாமல் போனாலும் இடாப்பில் பெயர் இருந்தால் வாக்குப் போடலாம். அட்டை ஒரு வசதிதான். கட்டாயமானது அடையாள ஆவணம்: தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அடையாள அட்டை, முதியோர் அட்டை, மதகுருமாருக்கான அட்டை. இவை எதுவும் இல்லாதவர் கிராம அலுவலர் மூலம் தேர்தலுக்கென்று தற்காலிக அட்டை எடுத்திருக்க வேண்டும்.

அந்த அட்டையை இங்கே வயதானவர்கள் வைத்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். பொலித்தீன் உறையில், சாமிப் படத்துக்குப் பின்னால். 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் போனது. கடைசியாக மிச்சமிருந்தவர்களுக்கு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான் குடியுரிமை வந்தது. பாட்டிக்கு இல்லாதிருந்தது பேத்தியின் கையில் இருக்கிறது.

இனி இந்தப் பயணத்தில் திரும்பத் திரும்ப வரப்போகும் விஷயம். ஜனாதிபதித் தேர்தலில் மூன்று விதமாக வாக்கைப் போடலாம். ஒருவருக்கு மட்டும் புள்ளடி (X). அல்லது ஒருவருக்கு மட்டும் 1. அல்லது ஒருவருக்கு 1, இன்னொருவருக்கு 2, விரும்பினால் மூன்றாமவருக்கு 3. யாருக்கும் செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளை மட்டும் மீண்டும் எடுத்து, 2 என்பது அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருக்குச் சேர்ப்பார்கள். 2 வேறு விலக்கப்பட்டவருக்கு என்றால் 3ஐப் பார்ப்பார்கள். 1982 முதல் நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தலிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டதால், சட்டத்தில் இருந்த இந்த வழி ஒருநாளும் பாவிக்கப்படவில்லை. இம்முறை மூன்று பேர் பலமாக நிற்பதால் தேவைப்படலாம்.

சங்கங்கள் பகிரும் மாதிரி வாக்குச்சீட்டில் என்ன இருக்கிறது? ஒரு சின்னம், அதற்கு நேரே ஒரு புள்ளடி. 2, 3 பற்றி ஒரு சொல் இல்லை. எந்தக் கட்சியும் தன் ஆளுக்கு அடுத்தது யார் என்று சொல்ல விரும்பாது. அது கட்சிக்குச் சரி. வாக்காளருக்கு நட்டம்.

இன்னொரு குழப்பம் அதைவிட மோசம். பாராளுமன்றத் தேர்தலிலும் "விருப்பு வாக்கு" என்ற சொல் உண்டு. அங்கே கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டு, கீழே அக்கட்சி வேட்பாளர்களின் இலக்கங்களில் மூன்றுக்கு வரை புள்ளடி போடுவோம். அந்தப் பழக்கத்தில் ஒருவர் "மூணு பேருக்குப் போடலாமாம்" என்று கேள்விப்பட்டு, ஜனாதிபதி வாக்குச்சீட்டில் மூன்று சின்னத்துக்கு மூன்று புள்ளடி போட்டால் சீட்டு அப்படியே நிராகரிப்புக் கட்டுக்குப் போகும். ஒரு லயத்து வாசலில் இதைப் பேசிக்கொண்டிருந்த ஆறு பெண்களில் நாலு பேர் மூன்று புள்ளடி என்றே நினைத்திருந்தார்கள். திருத்தியது அங்கே நின்ற பதினோராம் வகுப்புப் பிள்ளை. வாக்கில்லாத அந்தப் பிள்ளைக்குத்தான் விதி சரியாகத் தெரிந்திருந்தது.

செப்டெம்பர் 19, வியாழன். ஹட்டன், கண்டி, வவுனியா

அமைதிக் காலம் தொடங்கிவிட்டது. வான்கள் ஓய்ந்தன, பேச்சு ஓயவில்லை. சட்டம் பிரசாரத்தைத்தான் நிறுத்துகிறது, தேநீர்க் கடையை அல்ல.

கண்டியிலிருந்து ஏ-9 வீதி. மாத்தளை, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி. பாடசாலைகள் கைமாறத் தொடங்கியிருக்கின்றன. மேசை கதிரைகள் முற்றத்தில், வகுப்பறைகள் காலி.

வவுனியாவில் பேச்சு நிறம் மாறுகிறது. இம்மாதம் முதலாம் திகதி இந்த நகரில் கூடித்தான் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் மத்திய குழு சஜித்தை ஆதரிப்பதாக முடிவு எடுத்தது. தமிழ்ப் பொது வேட்பாளராக நிற்கும் அரியநேத்திரனும் அதே தமிழரசுக் கட்சிக்காரர், மட்டக்களப்பின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். வீட்டுக்குள்ளேயே இரண்டு அடுப்பு. இங்கே சலூனில், பலசரக்குக் கடையில், எங்கும் இதே பேச்சு.

வன்னித் தேர்தல் மாவட்டம் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றையும் சேர்த்தது. இதில் ஒரு தனிப் பயணம் உண்டு. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் புத்தளத்தில் வாழ்ந்தபடி மன்னாரில் வாக்குப் பதிந்து வைத்திருக்கிறார்கள். வாக்களிப்பு நாளன்று பஸ் பிடித்துப் போய் வர வேண்டும். 2019 தேர்தல் நாளில் அப்படிப் போன பஸ்கள் மீது அநுராதபுரம் மாவட்டம் தந்திரிமலைப் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்படியிருந்தும் அவர்கள் போய்ப் போட்டுவிட்டே வந்தார்கள். சனிக்கிழமையும் போவார்கள்.

செப்டெம்பர் 20, வெள்ளி. யாழ்ப்பாணம்

காலையிலிருந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியைச் சுற்றிப் பஸ்கள் வரிசை. வாக்குப்பெட்டி விநியோகம் இங்கிருந்துதான். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் தன் குழுவோடு வந்து பெட்டி, வாக்குச்சீட்டு, இடாப்பு, முத்திரை, மை, கடித உறைகள், ஒட்டும் தாள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிக் கையொப்பமிட்டு எடுக்கிறார். வாக்குச்சீட்டின் தொடரிலக்கம் எது முதல் எது வரை என்று சரிபார்ப்பதில்தான் நேரம் போகிறது. அங்கே ஒன்று பிசகினால் நாளை இரவு கணக்கு இடிக்கும். இம்முறை சீட்டின் நீளம் 27 அங்குலம், கட்டு கனக்கிறது. பொலிஸாரோடு பஸ்ஸில் ஏறி, இரவு வாக்களிப்பு நிலையத்திலேயே படுக்கை.

தீவுகளுக்கு முதலில் அனுப்புகிறார்கள். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு எல்லாம் கடல் கடந்த நிலையங்கள். குறிகட்டுவானுக்கு வீதியால் போய், அங்கிருந்து படகு. காற்று எழும்பினால் நெடுந்தீவுப் பாதை பொல்லாதது. அதனால் இந்தக் குழுக்களின் அலுவலர்கள் பிளாஸ்ரிக் உறைக்குள் உறை போட்டுச் சீட்டைக் கட்டுகிறார்கள்.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் கிளிநொச்சியையும் சேர்த்து 593,187 வாக்காளர். பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு தேத்தண்ணிக் கடையில் பிற்பகல் நடந்த வாக்குவாதத்தைத் தனியாக எழுத வேண்டும். நாலு கட்சி. சங்கு, டெலிபோன், சிலிண்டர், பகிஷ்கரிப்பு. திசைகாட்டிக்கு ஆள் இல்லையென்று நினைக்க, பாண் வாங்க வந்த பல்கலைக்கழகப் பையன் அந்த இடத்தையும் நிரப்பினான்.

பகிஷ்கரிப்பு என்றதும் மூத்தவர் ஒருவர் 2005ஐ எடுத்தார். அந்தத் தேர்தலில் புலிகளின் பகிஷ்கரிப்பால் யாழ். மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை. மகிந்த ராஜபக்ச வென்ற வித்தியாசம் 180,786. "நாங்கள் போடாமல் விட்டதும் ஒரு வாக்குத்தான் தம்பி, அது ஆருக்கு விழுந்தது எண்டு பார்" என்றார். மற்றவர் மறுத்தார். போட்டு என்ன கண்டோம், 2015இல் போட்டோம், 2019இல் போட்டோம், காணி வந்ததா, காணாமல் போனவர்களுக்குப் பதில் வந்ததா? இரண்டு பேருமே உண்மையைத்தான் சொன்னார்கள். அந்தக் கடையில் யாரும் யாரையும் துரோகி என்று சொல்லவில்லை. அதை நல்ல அடையாளமாக எடுக்க வேண்டும்.

பிறகு சங்குக்காரர்களுக்குள்ளேயே பிரச்சினை எழுந்தது. சங்குக்கு 1 போட்டபிறகு 2 போடலாமா?

"ரண்டு போட்டால் சங்குக்குப் பலம் குறையுமெல்லோ அண்ணை?"

இந்தக் கேள்வி வடக்கு முழுவதும் இந்த வாரம் கேட்கப்படுகிறது. விடை தெளிவானது: குறையாது. சங்கு களத்தில் நிற்கும்வரை அந்தச் சீட்டு முழுவதும் சங்குடையது. யாரும் 2ஐத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சங்கு விலக்கப்பட்ட பிறகுதான் 2 உயிர் பெறும். முதல் வாக்கால் தமிழர் நிலைப்பாட்டைச் சொல்லலாம், இரண்டாவதால் கொழும்பில் யார் உட்காருவது என்பதிலும் கை வைக்கலாம். ஒரே சீட்டில் இரண்டும் முடியும். 2ஐ வெறுமையாக விடுகிறவர், இறுதி இருவரில் யார் வந்தாலும் தனக்கு ஒன்றுதான் என்று சொல்வதாக ஆகும். அதைத் தெரிந்து சொன்னால் அவர் உரிமை. தெரியாமல் சொல்லக் கூடாது.

மாறாக, டெலிபோனுக்கோ திசைகாட்டிக்கோ 1 போடுகிறவருக்கு 2 அநேகமாகப் பயன்படாது. முதல் இருவரின் சீட்டுகள் இரண்டாம் எண்ணிக்கையில் திறக்கப்படுவதில்லை. ஆக 2, 3 யாருக்கு முக்கியம்? தோற்பவருக்குப் போடுகிறவர்களுக்கு. அவர்களிடம்தான் யாரும் அதை விளக்கவில்லை.

செப்டெம்பர் 21, சனி. வாக்களிப்பு நாள்

காலை 7 முதல் மாலை 4 வரை. நாலு மணிக்கு வரிசையில் நிற்பவருக்கு என்ன ஆகும் என்று பதறுவதைவிட, பத்து மணிக்கு முன் போவது நல்லது. வெயிலும் ஏறாது. ஆறே முக்காலுக்கே நல்லூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் முப்பது பேர் வரிசை. முன்னால் நின்றவர்கள் எல்லாம் கோயிலுக்குப் போய்த் திருநீறோடு வந்த வயதானவர்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஏழு மணிக்கு முன் வெறும் பெட்டியை முகவர்களுக்குக் காட்டிப் பூட்டி முத்திரையிடுகிறார்கள். வாக்காளர் அட்டையையும் அடையாள அட்டையையும் முதல் மேசையில் கொடுத்தால், அலுவலர் இடாப்பு இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசிக்கிறார். இது சம்பிரதாயமல்ல. பின்னால் இருக்கும் கட்சி முகவர்கள் தங்கள் பிரதியில் அந்தப் பெயரை வெட்டவும், ஆள் மாறாட்டம் என்றால் அந்த இடத்திலேயே ஆட்சேபிக்கவும்தான் உரத்து வாசிப்பது. அடுத்து இடக்கைச் சின்னவிரலில் மை. பிறகு உத்தியோகபூர்வ அடையாளமிட்ட வாக்குச்சீட்டு. அந்த அடையாளம் இல்லாத சீட்டு எண்ணப்படாது, ஆகவே வாங்கியதும் பார்த்துக்கொள்வது வாக்காளரின் வேலை.

மறைவிடத்தில் நேரம் போவது சின்னம் தேடுவதில். பெயர்கள் சிங்கள அகரவரிசையில் இருப்பதால் தமிழ் ஒழுங்கில் தேடினால் அகப்படாது. மேலிருந்து கீழாகச் சின்னத்தை மட்டும் பார்த்து வர வேண்டும். 27 அங்குலத் தாள் மறைவிடத்தின் சிறிய தட்டில் விரியாது, கீழ்ப்பாதி தொங்கும். முழுவதையும் விரித்துப் பார்த்த பிறகே எழுதுவது புத்தி. விரல் மை காயாமல் தாளில் பட்டால் வேறொரு சின்னத்துக்கு நேரே கறை விழும், அதனால் வலக்கை மட்டும் வேலை செய்யட்டும். புள்ளடியும் இலக்கமும் கலக்க வேண்டாம். பெயர், கையொப்பம், கோபத்தில் நாலு வார்த்தை எதுவும் எழுத வேண்டாம். ஆளை அடையாளம் காட்டும் எழுத்து இருந்தால் சீட்டு போச்சு. கைத்தொலைபேசியில் சீட்டைப் படம் எடுப்பது குற்றம்.

வெளியே வந்தவர்களின் பேச்சு உள்ளே போனதைவிடத் தாழ்ந்த குரலில். ஒரு தாய் மகளிடம் கேட்கிறார்: "ரண்டும் போட்டனியோ?" மகள் தலையாட்டுகிறாள். "நான் மறந்துபோனன் பிள்ளை, கை பழக்கத்தில புள்ளடி போட்டிட்டன்." அந்த வாக்கு செல்லும். ஆனால் அதற்கு ஒரே ஒரு உயிர்தான்.

நாலு மணிக்குப் பெட்டியின் வாய் மூடப்பட்டது. எத்தனை சீட்டு வந்தது, எத்தனை கொடுத்தது, எத்தனை கெட்டது, எத்தனை மிச்சம் என்ற கணக்கு எழுதி, முகவர்கள் முன் முத்திரை வைத்து, பஸ்கள் மத்திய கல்லூரிக்குத் திரும்புகின்றன. தபால் வாக்குகளை முதலில் எண்ணத் தொடங்கினார்கள். இரவு 10 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. வன்முறை நடந்து போட்டதல்ல, முன்னெச்சரிக்கையாம். வீதி வெறிச்சென்றிருக்க, மதிலுக்கு மதில் வானொலிச் சத்தம்.

செப்டெம்பர் 22, ஞாயிறு. யாழ்ப்பாணம்

காலை 6 மணிக்கு முடிய வேண்டிய ஊரடங்கை நண்பகல் வரை நீட்டினார்கள். விறாந்தையில் கொப்பியும் பேனையுமாகத் தொகுதி தொகுதியாக எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அது வசதி.

முதல் எண்ணிக்கை: அநுர 5,634,915, நூற்றுக்கு 42.31. சஜித் 4,363,035, நூற்றுக்கு 32.76. ரணில் 2,299,767, நூற்றுக்கு 17.27. நாமல் 342,781. அரியநேத்திரன் 226,343. பாதியை யாரும் தொடவில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாக ஏட்டில் கிடந்த விதி இன்று எழும்பியது. தேர்தல்கள் ஆணைக்குழு மற்ற எல்லோரையும் விலக்கி, விருப்பு வாக்கை எண்ணச் சொன்னது.

யாழ்ப்பாணத்தில் சஜித் 121,177, அரியநேத்திரன் 116,688, ரணில் 84,558, அநுர 27,086. சங்குக்கும் டெலிபோனுக்கும் இடையே 4,489 வாக்கு. வெள்ளிக்கிழமைத் தேத்தண்ணிக் கடை அப்படியே எண்ணாக மாறியிருக்கிறது. நாடு முழுவதும் 15 மாவட்டம் அநுரவுக்கு. வடக்கு, கிழக்கு முழுவதும் நுவரெலியா, பதுளையுமாக 7 சஜித்துக்கு.

மாலையில் இரண்டாம் எண்ணிக்கை வந்தது. அநுரவுக்கு 105,264 கூடி 5,740,179. சஜித்துக்கு 167,867 கூடி 4,530,902. அநுர ஜனாதிபதி.

இந்த இரண்டு கூடுதல் எண்களைச் சேர்த்தால் 273,131. விலக்கப்பட்டவர்களுக்கு விழுந்த வாக்கு மொத்தம் 3,321,666. அதாவது 33 லட்சம் சீட்டில், இறுதித் தீர்ப்பில் பேசியவை நூற்றுக்கு எட்டு. மிச்சம் 30 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளில் 2 இல்லை, அல்லது 2உம் 3உம் விலக்கப்பட்டவருக்கே போயிருந்தது. முடிவு மாறியிருக்கும் என்று சொல்லவில்லை. வித்தியாசம் 12 லட்சம். ஆனால் அந்த 12 லட்சத்தைவிட இரண்டரை மடங்கு சீட்டுகள் பேசாமல் கிடந்தன என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நிராகரிக்கப்பட்டவை நாடு முழுவதும் 300,300, போட்டதில் நூற்றுக்கு 2.2. யாழ். மாவட்டத்தில் மட்டும் 25,000-க்கு மேல், நூற்றுக்கு ஆறைத் தாண்டுகிறது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வெறுஞ்சீட்டாக மடித்துப் போட்டு எதிர்ப்பைச் சொன்னவரும் அதில் இருப்பார், மூன்று புள்ளடி போட்ட அப்பாவியும் அதில் இருப்பார். பெட்டிக்குள் இரண்டு பேரும் ஒரே கட்டு.

நாளை காலை ஜனாதிபதி செயலகத்தில் பதவிப்பிரமாணம். இன்று பிற்பகலே கொழும்பு பஸ்களுக்கு இடம் பிடிக்கிறார்கள். 2 நாள் லீவு முடிகிறது. பாராளுமன்றத்தைக் கலைப்பதாக அநுர மேடைக்கு மேடை சொன்னவர், ஆகவே எல்லோரும் சீக்கிரம் திரும்பி வர வேண்டியிருக்கும். அந்தச் சீட்டில் விதி வேறு: கட்சிக்குப் புள்ளடி, வேட்பாளர் இலக்கங்களுக்கும் புள்ளடி, 1, 2, 3 என்று எழுதக் கூடாது. பஸ்ஸின் நடுவில் நிற்கும் ஒருவர் இதை இப்போதே பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருவரின் சின்னவிரலிலும் மை இன்னும் கறுப்பாகவே இருக்கிறது.